கலியபெருமாளின் முடிச்சுப் பலகை

செய்தி வந்தபோது என் வீட்டுக் கூடம் முழுவதும் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி இருக்கும். ஊஞ்சல் வளையத்தில் தூண்டில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த வாளி மூன்றாவது முறையாக விழுந்திருந்தது. நூலின் முனையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். அது அறுபடவில்லை, சுருண்டிருந்தது. சுருண்டிருந்தால் என்ன பொருள் என்று எனக்கு எட்டு நாட்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. நான்தான் ஏற்க மறுத்திருந்தேன். முடிச்சு நழுவியிருக்கிறது. கலியபெருமாள் சொன்னது சரி, நான் சொன்னது தவறு.

அன்றைக்கே வைத்திக்குப்பத்துக்குப் போய், அவருடைய தூண்டில் கடையில் நான்கு பேர் நிற்கும் நேரமாகப் பார்த்து, அவர் முகத்துக்கு நேரே அதைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். எந்தப் புடவையை உடுத்துவது என்பதுவரை யோசித்தாகிவிட்டது. அப்போதுதான் தொலைபேசி ஒலித்தது.

அழைத்தவர் சுரேஷ். ரெட்டியார்பாளையத்தில் இருப்பவர், வங்கி ஊழியர், விடுமுறை நாட்களில் என்னோடு மீன் பிடிக்க வருபவர்.

“மதாம், ஒக்காந்துனு இருக்கீங்களா?”

“நின்னா என்ன, உட்கார்ந்தா என்ன? விஷயத்தைச் சொல்லுங்க.”

“கலி அண்ணன் தவறிட்டாரு மதாம். காலைல கடை ஷட்டர தூக்கறப்ப அப்படியே...”

“அவருக்கு ஐம்பத்தொண்ணுதானே ஆகுது” என்றேன். வயதைச் சொல்லிவிட்டால் செய்தி திரும்பிப் போய்விடும் என்பது போல.

“ஆமா மதாம்.”

“நேத்து கடை திறந்திருந்ததா?”

“தொறந்திருந்துது மதாம். சாயந்திரம் நான் போய் தூண்டி முள்ளு வாங்கினேன். பேசினு இருந்தாரு.”

தொலைபேசியை வைத்துவிட்டுத் துணி எடுத்து வந்து தரையைத் துடைத்தேன். கூடம் முழுவதையும் துடைத்து, துணியைப் பிழிந்து, கொடியில் உலர்த்தி, வாளியை அதன் இடத்தில் கவிழ்த்து வைத்தேன். அதன் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கு எழுபத்துநான்கு வயது. இறப்புச் செய்திகளைக் கேட்டுப் பழகியவள் நான். என் கணவரின் மருத்துவ அறிக்கையைப் படித்து அவருக்கே விளக்கிச் சொன்னவள். ஆனால் அன்று காலை என் கைகள் ஒரு மணி நேரம் மடியிலேயே கிடந்தன. அவற்றை என்ன செய்வது என்று தெரியவில்லை.

அவருடைய கடைக்கு வந்து போன நீங்கள் எல்லோரும் சேர்ந்து போடும் இந்தச் சிறு புத்தகத்துக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி சுரேஷ் என்னைக் கேட்டார். ஒரு பக்கத்துக்குள் அடங்கவில்லை. எழுதும்போது இரண்டு இடங்களில் ‘கடை வைத்திருக்கிறார்’ என்று எழுதி, அடித்துத் திருத்தியிருக்கிறேன். நான் அடித்தல் திருத்தலோடு எதையும் வெளியே அனுப்புகிறவள் அல்ல. இதை மட்டும் அனுப்புகிறேன்.

அன்று காலை பத்து மணிக்கு வைத்திக்குப்பம் போனேன். கடையின் ஷட்டர் பாதி உயரத்தில் நின்றிருந்தது. அவர் தூக்கிய அளவு அதுதான். மேலே தள்ளவோ கீழே இறக்கவோ யாருக்கும் கை வரவில்லை போலும். யாரோ அது இறங்கிவிடாமல் ஒரு மர முக்காலியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். நான் குனிந்து உள்ளே பார்த்தேன். நூல் கண்டுகள், ரீல்கள், தண்ணீர் கேன் எல்லாம் அரை இருட்டில் இருந்தன. உள்ளே அவர் இருக்கிறாரா என்றுதான் குனிந்தேன் என்பது நிமிர்ந்த பிறகு உறைத்தது.

வீடு கடைக்குப் பின்னால். வாசலில் பெஞ்சில் படுக்கவைத்திருந்தார்கள். அவர் மனைவி வள்ளி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். காலை நேரங்களில் கடைக்கு எதிரே மீன் கூடை வைத்து விற்பவள். எனக்கு இருபது வருடப் பழக்கம். நான் மாலையை வைத்துவிட்டு அவர் கால்மாட்டில் நின்றேன். கட்டை விரல்களைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். முடிச்சு தளர்ந்திருந்தது. விரல்கள் மெல்ல விலகிக்கொண்டிருந்தன. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த மனிதரின் உடம்பில் நழுவுகிற முடிச்சா? என் கை என்னைக் கேட்காமலே முன்னே போய் அதை அவிழ்த்து இறுக்கிக் கட்டிவிட்டது.

வள்ளி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“மதாம் கட்டிட்டா ஆச்சா?” என்றாள். “அரை கேன் மாட்டிப் பாக்கணும்னு சொல்லுவாரே மதாம்...” சிரிப்பாகத் தொடங்கியது பாதியில் ஓலமாகிவிட்டது.

அரைக் கேன் என்றால் என்ன என்று அவரை அறிந்த எல்லோருக்கும் தெரியும். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

கடையில் இரண்டு வகை நூல் இருந்தது. ஒன்று ஒற்றை இழை நைலான். கடற்கரையில் தங்கூசி என்பார்கள். இன்னொன்று பல மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்த நூல், பிரெய்டு. தங்கூசியைவிட மெலிந்தது, பல மடங்கு வலுவானது, இழுத்தால் நீளாது. மீன் மூக்கால் தொட்டாலும் விரலுக்குத் தெரியும். ஒரே ஒரு குறை, அது வழுக்கும். தங்கூசியில் நன்றாக நிற்கும் முடிச்சு பிரெய்டில் சத்தமில்லாமல் உருவிக்கொண்டு போய்விடும்.

“தங்கூசி தன்னத்தானே கடிச்சுக்கும் மதாம். பிரெய்டு, எண்ணெ தேச்ச கூந்தலு. சும்மா முடிஞ்சா நிக்காது” என்பார் கலியபெருமாள்.

அதனால் அவர் கடைக்கு ஒரு சட்டம் இருந்தது. பிரெய்டு கேட்டு வருகிறவர் முதலில் தம் கையால் ஒரு முள்ளைக் கட்டிக் காட்ட வேண்டும். கூரையில் ஓர் இரும்பு வளையம். அதிலிருந்து நூல். நூலின் நுனியில் அவர் கட்டிய முள். அந்த முள்ளை, பாதி தண்ணீர் நிரப்பிய குடிநீர்க் கேனின் கழுத்துக் கயிற்றில் மாட்டுவார் கலியபெருமாள். கேன் தொங்கினால் மட்டும் போதாது. அதை ஒரு சாண் தூக்கி விடுவார். “மீனு என்னா தொங்கினேவா இருக்கும்? ஒதறும் சார்.” மூன்று முறை உதறியும் முடிச்சு நின்றால்தான் நூல் கண்டு கைக்கு வரும். கேன் விழுந்தால், “இன்னிக்கு டீ சாப்புட்டுப் போங்க, நாளைக்கு வாங்க” என்று அனுப்பிவிடுவார். பெரிய அதிகாரி ஒருவர் மூன்று முறை டீ மட்டும் குடித்துவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். நான்காவது முறை முடிச்சு நின்றபோது அந்த மனிதர் பரீட்சையில் தேறிய பிள்ளையைப் போலச் சுற்றிலும் பார்த்தார்.

வளையத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பலகை, பழைய கதவின் பாதி. நீலச் சாயம் பூசி, இரண்டு வரிசையாக ஆணி அடித்து, ஒவ்வோர் ஆணியிலும் ஒரு முள்ளும் முடிச்சும் தொங்கும். கீழே அட்டையில் அவர் கையெழுத்தில் பெயர். வலது வரிசைக்குத் தலைப்பு ‘பிரெய்டு’. இடது வரிசைக்கு ‘தங்கூசிக்கு மட்டும்’. இடது வரிசையில் முதல் ஆணியில் இருந்தது ‘முசே முடிச்சு’.

முசே என்றால் என் கணவர்; ஐயா, அம்மா என்பது போல, பிரெஞ்சில் அவர் முசே, நான் மதாம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். அங்கே ஒரு துறைமுகத்தில் பணியில் இருந்தபோது உடன் இருந்த ஒருவரிடம் கற்ற முடிச்சு அது. முள்ளின் காதில் நூலை நுழைத்து, நூலின் மீதே ஐந்து சுற்றுச் சுற்றி, நுனியை முதல் வளையத்துக்குள் செருகி இறுக்குவது. நாற்பது வருடம் அதைத்தான் போட்டார். பார்க்காமலே போடுவார். கடற்கரைப் பாறைகளின் மேல் அவர் தூண்டிலோடு நிற்க, பக்கத்தில் மடக்கு நாற்காலியில் நான் பூத்தையலோடு உட்கார்ந்திருப்பேன். அவருடைய விரல்கள் அந்த ஐந்து சுற்றைச் சுற்றுவதை எத்தனை ஆயிரம் முறை பார்த்திருப்பேன் என்று சொல்ல முடியாது. அவர் உயிரோடு இருந்தவரை தங்கூசி தவிர வேறு நூலைத் தொட்டதில்லை. ஆகவே அந்த இடது வரிசை அவரை எந்த வகையிலும் குறைத்ததில்லை. அது என்னைக் குறைத்தது என்று நான்தான் பின்னாளில் நினைத்துக்கொண்டேன்.

அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. இரண்டு வருடம் தூண்டில் கோல்கள் மூலையில் நின்றன. அதன் பிறகு ஒரு நாள் நானே பாறைக்குப் போனேன். என் சகோதரிகளுக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு அவர்களுடைய பல விஷயங்கள் பிடிக்கவில்லை, அதனால் சரியாகிவிட்டது. புது ரீல் வாங்கி, யாரோ சொன்னதைக் கேட்டு நானே பிரெய்டைச் சுற்றினேன். முதல் மீன் இழுத்தபோது ரீலின் கைப்பிடி சுழல்கிறது, நூல் வரவில்லை. ரீலைத் தூக்கிக்கொண்டு கலியபெருமாளிடம் போனேன்.

அவர் நூலைக் கட்டை விரலால் தள்ளிப் பார்த்தார். நூல் மொத்தமும் சேர்ந்து உருளையின் மேல் வழுக்கியது.

“அடில என்னா போட்டீங்க மதாம்?”

“அடியில எதுக்கு? நேரா இதையே சுத்தினேன்.”

“அதான். வழுக்குத் தரைல சாக்கு போடாம நடந்துட்டீங்க.” முதலில் நாலு சுற்றுத் தங்கூசியைச் சுற்றி, அதன் மேல் பிரெய்டை ஏற்றிக் கொடுத்தார். பிறகு கேனைக் காட்டினார்.

“நான் உங்க கடைக்கு பதினஞ்சு வருஷமா வர்றவ” என்றேன்.

“முசேதான் மதாம் வந்தாரு. நீங்க வெளில ரிக்‌ஷால ஒக்காந்துனு இருந்தீங்க.”

உண்மைதான். அன்று கேன் என் காலடியில் விழுந்து புடவை நனைந்தது. அடுத்த நாள் மடிப்பு முடிச்சைக் கற்றேன். நூலை இரட்டையாக மடித்து முள்ளின் காதில் நுழைத்து, அந்த மடிப்பால் ஒரு தளர்ந்த முடிச்சுப் போட்டு, மிஞ்சிய வளையத்துக்குள் முள்ளையே நுழைத்தெடுத்து, எச்சில் தொட்டு இறுக்குவது. இளைஞர்கள் அதைப் பாலோமர் என்கிறார்கள். பிரெய்டுக்கு அதைப் போல நம்பகமானது வேறு இல்லை என்பார் கலியபெருமாள். “சீக்கிரம் போடலாம், இருட்டுல போடலாம், கண்ணு தெரியாதவங்களும் போடலாம்” என்று சொல்லிவிட்டு என் கண்ணாடியைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். கேன் நின்றது. மூன்று முறை உதறியும் நின்றது.

பிரெய்டைப் பல்லால் கடித்து அறுப்பது அவர் வழக்கம். முன்பல் இரண்டிலும் அந்தத் தேய்மானம் தெரியும். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. கன்னியர் மடப் பள்ளியில் படித்த காலத்தில் எனக்குத் தையல் பரிசாகக் கிடைத்த சிறிய கத்தரிக்கோல் ஒன்று உண்டு. கொக்கின் வடிவம், மூக்குதான் வெட்டும் முனை. அறுபது வருடமாகியும் கூர் குறையவில்லை. அதை அவருக்குக் கொடுத்தேன். கொடுத்தேன் என்றால் அன்பளிப்பாகத்தான் கொடுத்தேன். அவர் பலகைக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து அதில் தொங்கவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம், “தொடாதீங்க, அது மதாமோட கொக்கு” என்பார்.

அந்தக் கத்தரிக்கோலை வைத்து எங்களுக்குள் ஒரு வாதம் நெடுநாள் நடந்தது. தையல் சொல்லித்தந்த மசேர், அதாவது கன்னியாஸ்திரீ, துணியின் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார்கள். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள். ஒரு நூல் நுனி நீட்டிக்கொண்டிருந்தால் மொத்தத்தையும் பிரிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் முடிச்சுக்குப் பின்னால் மிஞ்சும் வாலை ஒட்ட வெட்டிவிடுவேன்.

“வால விடுங்க மதாம்.”

“அசிங்கமா நீட்டிக்கிட்டு இருக்கு.”

“இருக்கட்டும். இழுக்கறப்ப முடிச்சு கொஞ்சம் நகரும். நகர்றதுக்கு எடம் வேணும்ல? அழகுக்கு வெட்டினீங்கன்னா நகர்ந்து நகர்ந்து அவுந்துரும்.”

நான் ஒட்ட வெட்டுவதையும் அவர் தலையில் அடித்துக்கொள்வதையும் உங்களில் பலர் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள்.

நீங்கள் யாரும் பார்க்காத ஒன்றை இப்போது சொல்ல வேண்டும். கடையில் மடிப்பு முடிச்சைப் போட்டுத் தேறிய நான், கரைக்குப் போனதும் என் கணவரின் முடிச்சைத்தான் போட்டேன். நான்கு வருடமும் அப்படியே. அந்தக் கோல் அவருடையது. அந்த ஐந்து சுற்றையும் விட்டுவிட்டால் பாறையில் நான் தனியாக நிற்கிறேன் என்றாகிவிடும். சிறு மீன்களுக்கு அந்த முடிச்சு போதுமானதாக இருந்ததால் வெளியே தெரியவில்லை. சுரேஷுக்குக்கூடத் தெரியாது. முடிச்சுப் போடும்போது நான் கடலைப் பார்த்தபடி திரும்பிக்கொள்வேன்.

கலியபெருமாள் இறப்பதற்குப் பத்து நாட்களுக்கு முன் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் எனக்கு ஒரு கொடுவா மாட்டியது. என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய மீன் என் தூண்டிலில் மாட்டியதில்லை. தண்ணீரை விட்டு முழு உடம்போடு ஒரு முறை எழும்பித் தலையை உதறியது. அவ்வளவுதான். கோல் நிமிர்ந்துவிட்டது. நூலைச் சுற்றி எடுத்தபோது முனை சுருண்டிருந்தது.

சனிக்கிழமை காலை அந்த முனையை வெட்டி ஓர் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

“இன்னா மதாம், கவர்ல போட்டு எடுத்தாந்திருக்கீங்க? லவ் லெட்டரா?”

“புகார். நீங்க குடுத்த நூல் அறுந்துபோச்சு.”

அவர் முனையை எடுத்து நகத்தால் நீவினார். விட்டதும் மறுபடி சுருண்டது.

“நூலு அறுவல மதாம். அறுந்திருந்தா முனை பஞ்சு பஞ்சா பிரிஞ்சிருக்கும். இது பன்னி வாலாட்டம் சுருண்டுனு இருக்குது பாருங்க. முடிச்சு நழுவியிருக்கு.” பிறகு குரலைத் தாழ்த்தி, “மடிப்பா போட்டீங்க?” என்றார்.

பொய் சொல்ல எனக்கு வராது. “இல்ல. அவர் முடிச்சு.”

“தங்கூசிக்கு அது ராஜா மதாம். பிரெய்டுக்கு ஆவாது.”

“நாற்பது வருஷம் அவர் கையில நழுவாத முடிச்சு.”

“முடிச்சுக்கு யாரு போட்டாங்கன்னு தெரியாது மதாம். எவ்ளோ இழுக்குதுன்னுதான் தெரியும்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் கணவரைப் பார்த்துச் சிரித்ததாக எனக்குப்பட்டது. கலியபெருமாளைவிட இருபத்துமூன்று வயது மூத்தவளாக இருந்தும் அதுவரை அவரை நான் ‘நீங்க’ என்றுதான் அழைத்திருக்கிறேன். அன்று, “நாலாவது தாண்டாத நீ எனக்குச் சொல்லித் தர வர்றியா?” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மற்றவர்களைப் பார்த்தார்.

“நாலாவது தாண்டிட்டேன் மதாம்” என்றார். “அஞ்சாவதுதான் தாண்டல.”

எல்லோரும் சிரித்தார்கள். என்னைக் காப்பாற்றத்தான் அவர் அதைச் சொன்னார் என்பது வெகுநேரம் கழித்துப் புரிந்தது. அப்போது எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. ஆணியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். “மதாம், கொக்கு பறந்துபோவுது!” என்று பின்னால் குரல் கொடுத்தார். நான் அவர் குரலைக் கடைசியாகக் கேட்டது அதுதான்.

அந்த வாரம் வாளியைத் தொங்கவிடத் தொடங்கியது அவர் சொன்னது பொய் என்று நிரூபிப்பதற்காகத்தான். புதன்கிழமை விழுந்தது. நூல் பழசு என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை புது நூலில் விழுந்தது. நான் சரியாக இறுக்கவில்லை என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நினைப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனத்துக்குள் கட்டினேன். ‘பர்தோன்’ என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டுவிட்டால் சுலபம்; ஆனால் அது தப்பித்துக்கொள்வது. அவரைத் தமிழில்தான் திட்டினேன். ஆகவே இப்படி வைத்துக்கொண்டேன்: “கலியபெருமாள், நீங்க சொன்னதுதான் சரி. நூல் அறுபடல. முடிச்சு நழுவுச்சு. நான் பேசினது தப்பு.” நான்கு வாக்கியம். சொல்வதற்குக் கால் நிமிடம்கூட ஆகாது. சனிக்கிழமையே போயிருந்தால் கடை திறந்திருந்தது. சுரேஷ் முள் வாங்கியிருக்கிறார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது கத்தரிக்கோல் என் பையில் இருந்தது. சாப்பாடு முடிந்ததும் வள்ளி என் கையைப் பிடித்து, “வாங்க மதாம், ஒண்ணு காட்டணும்” என்று கடைப் பக்கம் அழைத்துப் போனாள். ஷட்டர் அதே பாதி உயரத்தில் நின்றது. “தூக்குங்க தம்பி” என்றாள் சுரேஷிடம். அவர் தயங்கி, முக்காலியை நகர்த்திவிட்டு, இரண்டு கையாலும் மேலே தள்ளினார். அந்தச் சத்தம் தெரு முழுவதும் கேட்டது. மீன் விற்றுக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பலகையில் இடது வரிசையின் முதல் ஆணி காலியாக இருந்தது. எடுத்துப் போட்டுவிட்டார், நான் பேசிய பேச்சுக்கு வேறு என்ன செய்வார் என்று நினைத்தேன்.

“அங்க இல்ல மதாம். இங்க பாருங்க” என்றாள் வள்ளி.

வலது வரிசையின் கடைசியில், துருப்பிடிக்காத புது ஆணி. அதில் பிரெய்டில் கட்டிய ஒரு முள். கீழே புது அட்டை. அவருடைய பெரிய பெரிய எழுத்துகள்: ‘முசே முடிச்சு. காதுல 2 வாட்டி நுழைக்கணும். 8 சுத்து. அரை கேன் நிக்குது. மதாம் வந்தா காட்டணும்.’

நான் முடிச்சைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். அதே முடிச்சு. அதே வழியில் சுற்றி, அதே இடத்தில் செருகியிருந்தது. ஒரு முறைக்குப் பதில் இரண்டு முறை காதில் நுழைத்து, ஐந்துக்குப் பதில் எட்டாகச் சுற்றியிருந்தார். பிரெய்டின் வழுக்கலைப் பிடித்துக்கொள்ள அதற்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

“வாரம் பூரா இதே வேல மதாம்” என்றாள் வள்ளி. “ஆறு சுத்துறாரு, வுழுது. ஏழு சுத்துறாரு, வுழுது. கட பூரா தண்ணி. ‘அந்த அம்மா வூட்டுக்காரர வுட்டுட்டு மடிப்பு போட மாட்டாங்க, வேற வழி இருக்கும்’னு சொல்லினே இருந்தாரு. சோறு போட்டா ஆறிப்போய் கெடக்கும்.”

எனக்கு வேறொன்று தோன்றியது. “அந்தக் கேனைத் தூக்கித் தூக்கியா, வள்ளி...”

“அட, போங்க மதாம்!” அவள் குரலில் கோபமே இருந்தது. “இருபது வருசமா தூக்கறாரு. ரெண்டு வருசமா நெஞ்சு கரிக்குதுன்னு சோடா வாங்கிக் குடிச்சினு இருந்தாரே, ஆஸ்பத்திரிக்கு வந்தாரா? ஊருக்கெல்லாம் சோதன வெச்சாரு. தனக்கு ஒரு சோதன பண்ணிக்கல. அத சொல்லுங்க.”

நான் பலகையைப் பார்த்து நின்று அந்த நான்கு வாக்கியத்தையும் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். வள்ளி விடவில்லை.

“நாலு பேரு எதுக்கதானே திட்டினீங்க. சத்தமா சொல்லுங்க மதாம்.”

கடை வாசலில் சுரேஷும் வேறு சிலரும் நின்றிருந்தார்கள். தெருவில் மீன்காரப் பெண்கள் இருந்தார்கள். நான் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னேன். கேட்க வேண்டியவர் மட்டும் அங்கே இல்லை. அதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. வாக்கியத்தை முடித்ததும், பதிலுக்கு ஏதாவது குறும்பு வரும் என்று ஒரு கணம் காத்திருந்தேன்.

பிறகுதான் அந்த முடிச்சின் வாலைப் பார்த்தேன். நீளமாக, பஞ்சு பஞ்சாகப் பிரிந்து நின்றது. பல்லால் கடித்து அறுத்திருக்கிறார். பலகைக்குப் பக்கத்தில் கொக்கின் ஆணி காலியாக இருந்தது.

பையிலிருந்து கொக்கை எடுத்தேன். அறுபது வருடப் பழக்கம். கை அந்த வாலை நோக்கித்தான் போயிற்று. நிறுத்தினேன். கத்தரிக்கோலை அதன் ஆணியில் மாட்டினேன். அது ஆடி நிற்கும்வரை பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.

கடையை வள்ளி நடத்தப்போகிறாள். கேனை யார் தூக்குவது என்று நீங்கள் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது என்ன என்று கேட்டால், மறுநாள் காலை என் கூடத்தில் கட்டியதைத்தான் காட்ட முடியும். காதில் இரண்டு முறை, எட்டுச் சுற்று. வாளியில் பாதி தண்ணீர் நிரப்பி, ஒரு சாண் தூக்கி, மூன்று முறை விட்டேன். நின்றது. அவிழ்க்க மனம் வராமல் ஊஞ்சல் வளையத்திலேயே தொங்கவிட்டிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

வாலை ஒரு விரற்கடை விட்டிருக்கிறேன், கலியபெருமாள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது.